கடல் தாண்டி, மூக்கு வழியே
மூளைக் கட்டி ஆபரேஷனுக்குச் சென்னை வரும் அந்தமான் நோயாளிகள்

ஹேடோ துறையில் சென்னைக் கப்பல் புறப்படும் நாள். அட்டைப் பெட்டிகள், மூட்டை முடிச்சுகள், அழும் குழந்தைகள், வழியனுப்ப வந்தவர்களின் கையசைப்பு. இத்தனை சந்தடிக்கு நடுவே யாராவது ஒருவர் கையில் ஒரு பெரிய உறை இருக்கும். மடங்கிவிடாமல், நனைந்துவிடாமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறுவார். உறைக்குள் இருப்பது ஸ்கேன் படம். கூடவே, "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்" என்று எழுதிய கடிதமும் இருக்கும்.

போர்ட்பிளேரிலிருந்து சென்னைக்குக் கடல் வழி 1,190 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. ஆனாலும் கப்பல் டிக்கெட் வாங்கும் வரிசையில் நிற்பவர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. கேம்பல் பேயிலோ கச்சாலிலோ இருப்பவருக்கு இந்த 1,190 கிலோமீட்டர் பயணத்தின் பிற்பாதிதான். அவர் முதலில் தலைநகருக்கு வந்து சேரவேண்டும். கேம்பல் பேயிலிருந்து அதுவே 500 கிலோமீட்டருக்கு மேல். கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை. வானம் மூடினால் ஹெலிகாப்டரும் இல்லை.

தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. செல்லுலார் சிறையின் இடிக்கப்பட்ட பகுதிகள் இருந்த வளாகத்தில் 1963-இல் அது எழுந்தது. அந்நாளில் கைதிகளைத் தீவுக்குக் கொண்டுவந்தது கப்பல். இந்நாளில் அதே மேட்டிலிருந்து நோயாளிகளைக் கரைக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி தீவுகளில் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். சென்னையில் இறங்கியதும் இவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. டாக்டர் சொல்வது புரியும். தங்கள் பயத்தைத் தங்கள் மொழியிலேயே சொல்லலாம். அதே கப்பலில் வந்த வங்காளிக்கோ நிகோபாரிக்கோ அந்தக் கொடுப்பினை இல்லை.

கண்ணாடியை மாற்றினால் தீராத குறை

மூளைக் கட்டி என்றதும் எல்லாரும் தலைவலியை நினைக்கிறார்கள். தலைவலி வருபவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு மூளையில் கட்டி எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. நாளுக்கு நாள் மோசமாகும் தலைவலி, விடியற்காலையில் அதிகமாகி வாந்தியோடு வருவது; இதுவரை வலிப்பே வராத நடுத்தர வயதுக்காரருக்குத் திடீரென்று வலிப்பு வருவது; ஒரு பக்கத்துக் கையோ காலோ சோர்ந்துபோவது; பேச்சு தடுமாறுவது.

பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி இன்னும் தந்திரமானது. மூளையின் அடியில், மூக்கின் மேல்கோடிக்குப் பின்னால், பட்டாணி அளவில் தொங்கும் சுரப்பி அது. எலும்பில் அது உட்கார்ந்திருக்கும் குழிக்குத் துருக்கிச் சேணம் என்று பெயர். குதிரைச் சேணம் போலவே இருக்கும். அதற்கு நேர் மேலேதான் இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அந்தச் சந்திப்பை அழுத்தினால், எதிரே உள்ளது தெரியும். இரண்டு பக்கங்களிலும் உள்ளது மறையும். குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல.

நோயாளிக்கு இது சட்டென்று தெரியாது. கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கத்தில் வந்து நிற்கும் பேரனைக் கவனிக்கமாட்டார். அபர்தீன் பஜாரில் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் ஆட்டோ கண்ணில் படாது. வீட்டில் "பராக்குப் பார்க்கிறார்" என்பார்கள். கண்ணாடியை மாற்றுவார்கள், மறுபடியும் மாற்றுவார்கள். வேறு சிலருக்கு மோதிரம் விரலில் ஏறாது, செருப்பு அளவு கூடிக்கொண்டே போகும், முகவாய் பெருக்கும். வளர்ச்சிச் சுரப்பு அளவுமீறிப் போவதன் விளைவு இது. பத்து வருஷத்துக்கு முன் எடுத்த கல்யாண போட்டோவையும் நேரில் இருக்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தே நோயைச் சந்தேகிக்கும் டாக்டர்கள் உண்டு. குழந்தை இல்லாத பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று பால் சுரந்தால் அதுவும் பிட்யூட்டரியின் வேலையாக இருக்கலாம். இந்த வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்; கத்தியே தேவைப்படாது. அதனால் "கட்டி" என்ற சொல்லைக் கேட்டதுமே கலங்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கடையிலேயே காலத்தைக் கழித்துவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால், கட்டியை எடுத்த பிறகும் போன பார்வை முழுவதும் திரும்புவதில்லை.

கப்பலில் இருந்த டாக்டர்

நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவே கடல் நிற்பது தீவுக்காரர்களின் தலையெழுத்து மட்டுமல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு 1937-இல் வயது 38. பியானோ வாசிக்கும்போது சில கணங்கள் நினைவு தப்பியது. ரப்பர் எரிகிற நாற்றம் அடிப்பதாகச் சொன்னார். அப்படி எதுவும் எரியவில்லை. மனக் கோளாறு என்று நினைத்தவர்கள் பலர். ஜூலையில் மயங்கி விழுந்த பிறகுதான் மூளைக் கட்டி என்று தெரிந்தது. அந்நாளில் அத்துறையின் மேதை வால்டர் டாண்டி. அவரோ நாட்டின் மறு கோடியில், செசபீக் விரிகுடாவில் உல்லாசப் படகில் இருந்தார். அரசாங்கக் கப்பல்களை அனுப்பித் தேடிப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். விமானம் ஏற ஆயத்தமாக நின்றார். ஆனால் நோயாளியால் அதுவரை தாங்க முடியவில்லை. அங்கிருந்த டாக்டர்களே ஆபரேஷன் செய்தார்கள். ஜூலை 11 காலையில் கெர்ஷ்வின் இறந்துபோனார்.

பணமும் புகழும் இருந்தவருக்கே அந்தக் கதி. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1936-இல், ஹங்கேரிய எழுத்தாளர் பிரிஜெஷ் கரிந்தி பூடாபெஸ்ட் நகரின் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது ரயில் ஓடும் ஓசை கேட்டது. அங்கே ரயில் கிடையாது. அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துச் சென்றார்கள். டாக்டர் ஒலிவெக்ரோனா மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார். தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கையிலேயே நடந்த ஆபரேஷன் அது. எலும்பைத் துளைக்கும் சத்தத்தையெல்லாம் கரிந்தி கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். பிழைத்து எழுந்து அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். மூளைக் கட்டி நோயாளி ஒருவர் தம் அனுபவத்தைத் தாமே எழுதிய நூல்களில் இன்றும் முதலில் பேசப்படுவது அதுதான்.

மூளைக்கு வலி தெரியாது என்பது படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். வலியெல்லாம் தலைத்தோலுக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும்தான். இந்த உண்மையை வைத்துக்கொண்டு இன்றைக்கும், பேச்சையும் கை அசைவையும் ஆளும் இடங்களுக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் நோயாளியைத் தூங்க விடாமல் பேச்சுக் கொடுத்தபடியே அறுக்கிறார்கள். 2017-இல் சென்னையில் பரதநாட்டியம் பயிலும் பத்து வயதுச் சிறுமிக்கு இப்படி ஆபரேஷன் நடந்தது. மண்டைக்குள் டாக்டர்கள் வேலை செய்துகொண்டிருக்க, அவள் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தாள் என்று பத்திரிகைகள் எழுதின. விரல் நின்றால் டாக்டரின் கருவியும் நிற்கும்.

சென்னைக்கு வந்த கலை

தென்னாட்டில் இந்தக் கலைக்கு வயது முக்கால் நூற்றாண்டுதான். 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருஷம், 1950-இல், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி இங்கிலாந்தில் பயிற்சி முடித்துத் திரும்பி, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவை ஆரம்பித்தார். தலையில் கத்தி வைத்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம்.

அவருடைய குழுவில் வளர்ந்தவர் டாக்டர் டி.எஸ். கனகா. நரம்பு அறுவையில் உயர் பட்டம் பெற்ற நாட்டின் முதல் பெண்மணி. தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, அதில் உள்ள அளவுகளைக் கொண்டு மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைக் கணக்கிட்டு, சிறு துளை வழியே மெல்லிய கருவியை அங்கே செலுத்தும் முறையை 1960-களிலேயே சென்னையில் அந்தக் குழு கையாண்டது. "சிறு துளை ஆபரேஷன்" என்று இன்று விளம்பரப் பலகைகளில் புதிதுபோலப் பேசப்படுகிறதே, அதன் வேர் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது. ராமமூர்த்தி 2003-லும் கனகா 2018-லும் காலமானார்கள்.

அந்த நாட்களில் பெரும் துன்பம் ஆபரேஷனில் இல்லை, கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் இருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் மூளை தெரியாது. எலும்பு மட்டும் தெரியும். ஆகவே முதுகெலும்பு வழியாகவோ மண்டையில் துளையிட்டோ மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி, நோயாளியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் படம் எடுப்பார்கள். தலை வெடித்துவிடும் போல வலிக்கும், வாந்தி வரும். இதில் வரும் அரைகுறை நிழலை வைத்துத்தான் எங்கே திறப்பது என்று முடிவு செய்யவேண்டும். அதனால் திறப்பதும் பெரிதாகத் திறக்க வேண்டியிருந்தது.

இந்தச் சித்திரவதைக்கு முடிவு கட்டியது ஓர் இசைத்தட்டுக் கம்பெனி! நாய் படம் போட்ட இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தின் என்ஜினீயர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு கண்டுபிடித்த சி.டி. ஸ்கேன், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. கட்டி தெளிவாகத் தெரிந்தது. 1979-இல் அவருக்கு நோபல் பரிசு. பின்னால் எம்.ஆர்.ஐ. வந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் துளை சிறுக்கத் தொடங்கியது.

நாசி வழியே

பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியே எடுக்கும் யோசனை 1907-லேயே ஆஸ்திரியாவில் ஷ்லோபர் என்ற டாக்டருக்குத் தோன்றிவிட்டது. அப்போது மூக்கையே ஒரு பக்கமாகப் புரட்டவேண்டியிருந்தது, முகம் கெட்டுப்போகும். ஹார்வி குஷிங் மேலுதட்டின் உள்பக்கமாக வழி கண்டார். 1960-களில் மைக்ராஸ்கோப் துணைக்கு வந்தது. 1990-களில் எண்டாஸ்கோப் வந்தது. நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள குழாய். நுனியில் விளக்கும் கண்ணும். நாசித் துவாரத்துக்குள் விட்டால், உள்ளே இருப்பதெல்லாம் டெலிவிஷன் திரையில் பெரிதாகத் தெரிகிறது.

ஆபரேஷன் மேஜையில் மூக்கு-தொண்டை நிபுணர் ஒருவரும் நரம்பு அறுவை நிபுணர் ஒருவரும் சேர்ந்து நிற்பார்கள். ஒருவர் வழி அமைக்க, மற்றவர் வேலையை முடிப்பார். மூக்கின் பின்னால் உள்ள காற்றறையைத் திறந்து, முட்டை ஓடு போன்ற எலும்பை விலக்கினால் கட்டி. பெரும்பாலும் அது மெத்தென்று இருக்கும். சுரண்டி, உறிஞ்சி எடுத்துவிடலாம். தேவையானால் வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து ஓட்டையை அடைப்பார்கள். "தலைக்குத்தானே ஆபரேஷன், தொடையில் ஏன் கட்டு?" என்று நோயாளியின் உறவினர் திகைப்பது இதனால்தான்.

சிறு துளை என்பதால் சிறு ஆபரேஷன் என்று எண்ணிவிடக் கூடாது. கருவி போகும் பாதையின் இரண்டு பக்கங்களிலும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளங்கள் ஓடுகின்றன. கையில் பிசகு வந்தால் உயிருக்கே ஆபத்து. எல்லாக் கட்டிகளையும் இந்த வழியில் எடுக்கவும் முடியாது. புருவத்தில் சிறு கீறல் போட்டு எட்டக்கூடியவை சில. கத்தியே இல்லாமல் கதிர்களைக் குவித்து அடக்கக்கூடியவை சில. மண்டையை நன்றாகத் திறந்தே தீரவேண்டியவை இன்னும் பல. பெரிதாகத் திறக்கவேண்டும் என்று சொல்லும் டாக்டரைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துக்கொண்டு, சிறு துளை தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைபவர்கள் உண்டு. அலைச்சலில் போவது அவர்களுடைய நாட்கள்தான்.

கண் விழித்த பிறகு

மயக்கம் தெளிந்ததும் நோயாளி முதலில் தலையைத் தடவிப் பார்ப்பார். முடி அப்படியே இருக்கும், கட்டு இல்லை. மூக்கில் பஞ்சு அடைத்திருந்தால் வாயால் மூச்சு விடவேண்டும். நாக்கு வறண்டு தாகம் பிடுங்கும். நர்ஸ் வந்து விரல்களைக் காட்டி "எத்தனை?" என்பார். பக்கவாட்டில் காட்டும் விரலும் தெரிந்துவிட்டால் அந்த வார்டில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை. நரம்பு கெட்டுப்போகாமல் அழுத்தம் மட்டும் இருந்தவர்களில் சிலருக்குச் சில நாட்களிலேயே பார்வை துலங்கத் தொடங்குகிறது.

பிறகு ஒரு வேடிக்கையான கணக்கு ஆரம்பமாகும். குடித்த தண்ணீர் எவ்வளவு, போன சிறுநீர் எவ்வளவு என்று மணிக்கு மணி எழுதுவார்கள். உடலின் நீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பும் பிட்யூட்டரியிலிருந்துதான் வெளியாகிறது. அது தற்காலிகமாக நின்றால் குடம் குடமாய்ச் சிறுநீர் போகும். மாறாக, ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் உப்புச் சத்து திடீரென்று இறங்கிக் குழப்பமும் வாந்தியும் வரலாம். சில நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஊருக்குப் போகச் சொல்வதில்லை. தாம்பரத்துக்காரர் வீட்டுக்குப் போவார். அந்தமான்காரர் லாட்ஜுக்குப் போகவேண்டும்.

மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். குனிந்து பாரம் தூக்கக்கூடாது. மலச்சிக்கலில் முக்கவும் கூடாது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது ஜலதோஷம் இல்லை. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போய் முடிவு வரும்வரை காத்திருப்பது தனிக் கொடுமை. பிட்யூட்டரிக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் வகை இல்லை. மூளைத் திசுவிலேயே முளைக்கும் கடுமையான கட்டியாக இருந்தால், ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம், முப்பது தடவை கதிர்ச் சிகிச்சை எடுப்பது வழக்கமான முறை. ஒவ்வொரு தடவையும் ஆகும் நேரம் சில நிமிஷங்கள். அந்தச் சில நிமிஷங்களுக்காகத் தீவுக் குடும்பம் இரண்டு மாதம் சென்னையில் அறை எடுத்துக் கிடக்கவேண்டும். சிகிச்சைச் செலவுக்கு ஏதாவது உதவி கிடைத்தாலும், அறை வாடகையும் சாப்பாடும், கூட வந்தவரின் நின்றுபோன கூலியும் யார் கணக்கிலும் வருவதில்லை. பாதியில் கப்பல் ஏறிவிடும் ஆசை வருவது இந்தக் கட்டத்தில்தான்.

திரும்பும் வழி

மண்டைக்குள் காற்று தங்கியிருக்கும்போது விமானத்தில் உயரே போனால் அந்தக் காற்று விரியும். எனவே எப்போது பறக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரே சொல்லவேண்டும். மலிவான டிக்கெட் கிடைத்தது என்று கிளம்பிவிடக் கூடாது. கப்பலிலோ வேறு சங்கடம். கடல் குமட்டலும் வாந்தியும் புதிதாக அடைத்த இடத்துக்கு ஆகாது. வலிப்பு வந்த நோயாளிக்குப் பங்க் வகுப்பில் மேல் படுக்கை கூடாது. கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கவேண்டும். இரும்பு ஏணியில் தனியே இறங்கவும் கூடாது. ஊருக்குத் திரும்பிய பிறகும் டாக்டர் அனுமதிக்கும்வரை தென்னை மரம் ஏறுவது, தனியாகக் கடலில் இறங்குவது, தோணியில் மீனுக்குப் போவது எல்லாம் விலக்கு. தோணியே பிழைப்பாக உள்ளவருக்கு இதைச் சொல்வது எளிதல்ல. சொல்லாமல் அனுப்புவது அதைவிட ஆபத்து.

மாத்திரை விஷயத்தில் தீவுக்காரர் மற்றவர்களைவிட உஷாராக இருக்கவேண்டும். வலிப்பு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரும் ஆபத்து அதிகம். பிட்யூட்டரி ஆபரேஷனுக்குப் பின் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டவேண்டியும் வரும். எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். புயல் சின்னம் வந்து கப்பல்கள் நின்றுபோகும் வாரங்களை நினைத்து, ஒரு மாதத்துக்காவது மாத்திரை கைவசம் இருக்கவேண்டும். இன்ன நோய், இன்ன மாத்திரை என்று எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருந்தால், ரங்கத்திலோ மாயாபந்தரிலோ மயங்கி விழுந்தாலும் பார்க்கும் டாக்டருக்குத் தடம் தெரியும்.

கடலின் அகலம் குறையவில்லை. ஆனால் படங்களுக்குக் கப்பல் தேவையில்லாத காலம் வந்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் மூலம் பந்த் மருத்துவமனைக்கும் சென்னைக்கும் தொலை மருத்துவத் தொடர்பு ஏற்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், பயனுக்கு வந்தது. ஸ்கேன் படத்தைச் சென்னை நிபுணர் அன்றே பார்த்து, அவசரமா, பொறுக்கலாமா, மாத்திரை போதுமா என்று சொல்லிவிட முடியும். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனையும், அதற்காகக் கப்பல் ஏறாமல், இப்படியே காட்டலாம். இதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது பல நோயாளிகளுக்குத் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில், "அடுத்த தடவை நேரில் வரவேண்டுமா, படம் அனுப்பினால் போதுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் சீட்டின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.